நால்வரில் மூன்றாமவர்: டார்ட்மூர் காட்டில் ஒரு பெட்டியைத் தேடி

திங்கள், இரவு

ரப்பர் ஸ்டாம்ப் செய்ய எழுத்தை நேராகச் செதுக்கினால் தாளில் அது திரும்பிப் பதியும். நானும் பாப்பாவும் இன்று மாலை ஒரு நல்ல அழிரப்பரை வீணாக்கித்தான் இதைத் தெரிந்துகொண்டோம். அவள் செதுக்கியது ‘ழ’. தாளில் அழுத்தி எடுத்தால் எந்த மொழியிலும் இல்லாத ஓர் எழுத்து வந்து நின்றது. இரண்டாவது ரப்பரில், ஜன்னல் கண்ணாடியில் காகிதத்தை வைத்துப் பின்பக்கமாகப் பார்த்து வரைந்து, பிறகு செதுக்கினாள். இந்த முறை சுழியோடு அழகாக வந்துவிட்டது.

பாப்பா என் அக்கா மகள். பன்னிரண்டு வயது. அவளுக்கு அக்டோபர் கடைசியில் ஒரு வாரம் பள்ளி விடுமுறை. இங்கிலாந்தின் தென்மேற்கில், டெவன் மாவட்டத்தில், டார்ட்மூர் என்ற பெரிய மேட்டுநிலம் இருக்கிறது. 1951-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட 954 சதுர கிலோமீட்டர் நிலம். அதன் நடுவே போஸ்ட்பிரிட்ஜ் என்னும் சிற்றூரில் அறை எடுத்திருக்கிறோம். இங்கே வந்தது லெட்டர்பாக்ஸ் தேடுவதற்காக.

கேள்விப்படாதவர்களுக்கு ஒரு வார்த்தை. யாரோ ஒருவர் தண்ணீர் புகாத ஒரு சின்னப் பெட்டியைப் பாறை இடுக்கிலோ மரத்தடியிலோ மறைத்து வைப்பார். உள்ளே ஒரு ரப்பர் ஸ்டாம்ப்பும் ஒரு குறிப்பேடும் இருக்கும். எங்கே இருக்கிறது என்பதைப் புதிர்போல ஒரு குறிப்பாக எழுதுவார். கண்டுபிடிப்பவர் பெட்டியின் ஸ்டாம்ப்பைத் தன் நோட்டிலும், தன் ஸ்டாம்ப்பைப் பெட்டியின் குறிப்பேட்டிலும் பதித்துவிட்டு, இருந்தது இருந்தபடி மூடி வைத்துவிட்டு வர வேண்டும். எதையும் எடுத்துக்கொண்டு வரக் கூடாது. பரிசு என்று எதுவும் கிடையாது.

எங்களிடம் இருக்கும் குறிப்பு எதிலும் அச்சானது இல்லை. அக்கா வீட்டுக்குப் பக்கத்து வீட்டுப் பெரியவர் கைப்பட எழுதிக் கொடுத்தது. இருபது வருடங்களுக்கு முன் பெட்டியை வைத்தவரே அவர்தான். இப்போது முழங்கால் விடவில்லை. “இருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்” என்றார். பாப்பா அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தவள், தூங்கும்போதும் வெளியே எடுக்கவில்லை.

செவ்வாய், இரவு

இன்று கிடைக்கவில்லை.

குறிப்பைத் தமிழில் எழுதிக்கொண்டேன். எண்களையும் ஓரிரு அடையாளங்களையும் மாற்றித்தான் இங்கே தருகிறேன். இடத்தைப் பொதுவில் போட்டு உடைப்பது இந்தத் தேடலில் இருப்பவர்களுக்குச் செய்யும் துரோகம்.

“ஆறு எண்கள் உன்னை ஒரு சதுரத்துள் விடும்.
பச்சை மாறாக் கூட்டத்தில் பொன் அணியும் நால்வர்.
மூன்றாமவருக்கு முதுகு காட்டி நில்.
215-ஐப் பார்த்து நாற்பது நட.
சுவர் தடுக்கும் முன் நின்றுவிடு.
தாடிக்காரனின் தெற்குக் காலடியில் இருக்கிறேன்.”

முதல் வரி சுலபம். பிரிட்டனின் ஆர்டனன்ஸ் சர்வே வரைபடத்தில் ஆறு இலக்க எண் என்பது நூறு மீட்டருக்கு நூறு மீட்டர் சதுரம் ஒன்றைக் காட்டும். சதுரம் பெல்லவர் காட்டுக்குள் விழுந்தது. போஸ்ட்பிரிட்ஜிலிருந்து தெற்கே நடந்தால் காடு தொடங்கிவிடும்.

இது தானாக வளர்ந்த காடு இல்லை, நட்டு வளர்த்தது. பெரும்பாலும் ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரம். உள்ளே நுழைந்ததும் வெளிச்சம் பாதியாகிவிடுகிறது. தரையில் புல் கிடையாது. பழுப்பு ஊசியிலைகள் மெத்தைபோல விழுந்து கிடக்க, காலடிச் சத்தமே கேட்பதில்லை. “சித்தி, பேசிக்கிட்டே வாங்க” என்று பாப்பா கையைப் பிடித்துக்கொண்டாள். பேசிக்கொண்டே போனேன்.

இரண்டாவது வரியை அவள்தான் அவிழ்த்தாள். இந்தக் காட்டின் ஊசியிலை மரங்களில் லார்ச் மட்டும் குளிர்காலத்துக்கு முன் இலையை உதிர்த்துவிடும். உதிர்வதற்கு முன் முழு மரமும் பொன்னிறமாகிவிடும். பள்ளியில் படித்திருக்கிறாள். நாங்கள் வந்திருப்பது சரியாக அந்தப் பருவம். பொன்னாக நிற்கும் நான்கு மரங்களைக் கண்டுபிடிப்பது பெரிய காரியமா என்று நினைத்தோம்.

பாதையோரத்தில் பொன் மரங்கள் இருந்தன. நான்கல்ல, நாற்பதுக்கு மேல். மூன்றாவது எது என்று எந்தப் பக்கத்திலிருந்து எண்ணுவது? இரண்டு மணி நேரம் அங்கேயே சுற்றினோம். பிறகு வரைபடத்தை நிதானமாக விரித்துப் பார்த்தபோதுதான், நாங்கள் சதுரத்துக்கு வெளியே முந்நூறு மீட்டர் தள்ளி நிற்பது புரிந்தது. பொன்னிறத்தைப் பார்த்ததும் எண்ணை மறந்துவிட்டோம். சரியான சதுரத்துக்குப் போனால் அங்கே மரமே இல்லை. ஒரு பெரிய துண்டு நிலத்தை மொட்டையாக வெட்டியிருந்தார்கள். அடிக்கட்டைகள், கிளைக் குப்பை, நடுவே தண்ணீர் தேங்கிய சக்கரத் தடங்கள். பாப்பா ஒன்றும் பேசவில்லை.

திரும்பும்போது லேக்ஹெட் குன்று வழியாக வந்தோம். அங்கே ஒரு கற்பதுக்கை இருக்கிறது. பலகைக் கற்களை நிறுத்தி மேலே மூடுகல் வைத்த, வெண்கலக் காலத்துப் புதைகுழி. பெட்டி வைக்க இதைவிட நல்ல இடம் ஏது என்று பாப்பா குனிந்து உள்ளே பார்க்கப் போனாள். தடுத்தேன். பெட்டி வைப்பவர்களுக்கென்று இங்கே ஒரு நடத்தை விதி இருக்கிறது. கற்பதுக்கை, கல்வட்டம், கல்வரிசை, பழைய சுவர், இடிந்த குடிசை எதிலும், எதற்குப் பக்கத்திலும் பெட்டி வைக்கக் கூடாது. ஆபத்தான இடத்தில் கூடாது. சிமெண்ட் பூசக் கூடாது. தேடுகிறேன் என்று ஒருவர் ஒரு கல்லை நகர்த்தினால், மூவாயிரம் வருடத்துக்கு மேல் இருந்த இடத்தை அது இழந்துவிடும் இல்லையா? இந்த விதி எனக்கு மிகவும் பிடித்தது. குறிப்பில் வரும் ‘சுவர் தடுக்கும் முன் நின்றுவிடு’ என்பதற்கும் அப்போது அர்த்தம் விளங்கியது. பெட்டி சுவரில் இருக்காது, சுவருக்கு இப்பால்தான் இருக்கும்.

புதன், மாலை

காலையிலிருந்து மழை. மேகம் ஜன்னல்வரை இறங்கிவிட்டது.

“லெட்டரே இல்லையே சித்தி, அப்புறம் ஏன் லெட்டர்பாக்ஸ்?”

நல்ல கேள்வி. முதலில் லெட்டர்தான் இருந்தது. 1854-இல் ஜேம்ஸ் பெரட் என்பவர், சாக்ஃபோர்டு ஊர்க்காரர், மேட்டுநிலத்தில் வழிகாட்டியாக இருந்தவர், கிரான்மியர் குளம் என்ற இடத்தில் ஒரு பாட்டிலை வைத்தார். வடக்கு டார்ட்மூரில், சேற்றுக்கும் கரிமண்ணுக்கும் நடுவே, சாலை எதுவும் எட்டாத இடம். அவ்வளவு தூரம் நடந்து வந்தவர்கள் தங்கள் பெயர் அச்சடித்த அட்டையை அந்தப் பாட்டிலில் போட்டுவிட்டுப் போனார்கள். பின்னாளில் பாட்டில் போய்த் தகரப் பெட்டி வந்தது. முகவரி எழுதித் தபால்தலை ஒட்டிய கார்டுகளை வைக்கும் பழக்கமும் வந்தது. நான் என் கார்டைப் பெட்டியில் வைத்துவிட்டுப் போவேன். அடுத்து வருகிற யாரோ அதை எடுத்துப் போய்த் தன் ஊரில் தபாலில் சேர்ப்பார். அந்த அடுத்தவர் மறுநாளே வரலாம், மாதக் கணக்கிலும் ஆகலாம்.

பாப்பாவுக்கு இதில் ஒரு சந்தேகம். “அவங்க போடாம விட்டா?”

போடாமல் விட்டவர்களும் இருந்திருப்பார்கள். ஆனாலும் பழக்கம் நூற்றாண்டைத் தாண்டி நிற்கிறது என்றால், எடுத்தவர்கள் பெரும்பாலும் போட்டிருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

வெகு காலம் இப்படிப் பெட்டிகள் விரல்விட்டு எண்ணும் அளவுதான் இருந்தன. அதில் ஒன்று, டார்ட்மூரைப் பற்றி எழுதியே வாழ்ந்த வில்லியம் கிராசிங்கின் நினைவாக 1938-இல் டக்ஸ் குளத்தில் வைத்தது. 1970-களின் பிற்பகுதியில்தான் இது காட்டுத்தீபோலப் பரவி, ஆயிரக்கணக்கில் பெட்டிகள் வந்தன. நூறு பெட்டி கண்டவர்களுக்கென்று ஒரு சங்கமே இருக்கிறது. 1998-இல் ஓர் அமெரிக்க இதழில் கட்டுரை வந்த பிறகு அங்கேயும் தொற்றிக்கொண்டது. செயற்கைக்கோள் கருவியை வைத்துத் தேடும் ஜியோகேச்சிங் பிறந்தது 2000-இல். அதிலும் மகிழ்ச்சி இருக்கும். ஆனால் எனக்கு இதுதான். கருவி “இங்கே” என்று காட்டிவிடும். குறிப்போ, எழுதியவர் அன்று அந்த இடத்தில் நின்று என்ன பார்த்தாரோ அதை நாமும் பார்த்தால்தான் வழி விடும்.

அதை நினைத்தபோதுதான் ஒரு கேள்வி எழுந்தது. ‘நாற்பது நட’ என்றால் யாருடைய நடை? பாப்பா பெரியவருக்குப் போன் போட்டாள். இடத்தைக் கேட்கவில்லை, நடையை மட்டும் கேட்டாள். இடது கால் தரையில் படும்போதுதான் ஒன்று என்று எண்ணுவாராம். அதாவது இரட்டைக் காலடி. நூறு மீட்டருக்கு அவருக்கு அறுபது. அவர் ஆறடி மனிதர்.

நான்கு மணிக்கு மழை விட்டதும் வெளியே போய், பத்து மீட்டர் கயிற்றைப் பத்து முறை நீட்டி அளந்து நடந்து பார்த்தோம். எனக்கு 66 இரட்டைக் காலடி. அப்படியானால் அவருடைய நாற்பது எனக்கு நாற்பத்து நான்கு. நேற்று நான் ஒற்றைக் காலடியாக எண்ணியிருந்தால், பாதித் தூரத்தில் நின்று தேடியிருப்பேன்.

திசைகாட்டியிலும் ஒரு கணக்கு இருக்கிறது. காந்த ஊசி காட்டும் வடக்கு வருடா வருடம் நகர்கிறது. உண்மை வடக்கு, வரைபடக் கட்டங்களின் வடக்கு, காந்த வடக்கு மூன்றும் 2022 நவம்பரில் டோர்செட் கடற்கரையில் லாங்டன் மாட்ராவர்ஸ் என்ற ஊரில் ஒரே கோட்டில் சேர்ந்தன. அது இங்கிருந்து கிழக்கே. பெரியவர் குறிப்பு எழுதிய காலத்தில் ஊசி இதைவிட மேற்கே சாய்ந்திருந்தது. ஆகவே 215-லிருந்து மூன்று டிகிரி போலக் குறைத்துக்கொண்டோம். மூன்று டிகிரிதானே என்று விட்டால், அவருடைய நாற்பது நடை தூரத்தில் மூன்றரை மீட்டர் தள்ளிப் போய்விடுவோம். காட்டில் மூன்றரை மீட்டர் என்பது வேறொரு பாறை.

வியாழன், இரவு

இருக்கிறது! பெட்டி இருக்கிறது!

காலை எட்டரைக்கெல்லாம் வெட்டிய நிலத்துக்குப் போய்விட்டோம். மரம் போனாலும் கட்டை இருக்குமே என்பதுதான் இரவெல்லாம் யோசித்ததில் கிடைத்த ஒரே வழி. நூற்றுக்கணக்கான கட்டைகளில் லார்ச் கட்டையை எப்படிப் பிரிப்பது? வெட்டுப்பட்ட முகம் மழையிலும் வெயிலிலும் எல்லாவற்றிலும் ஒரே சாம்பல் நிறமாகிவிட்டது.

அரை மணி நேரம் போயிருக்கும். பாப்பா ஒரு காய்ந்த கிளையைத் தூக்கிக் காட்டினாள். அதில் கட்டைவிரல் அளவு சின்னச் சின்னக் கூம்புகள், வரிசையாக நிமிர்ந்து நின்றன. லார்ச் அப்படித்தான். கூம்பு முதிர்ந்து விதை போன பிறகும் கிளையை விடாது. ஸ்ப்ரூஸின் கூம்பு நீளமாக, தலைகீழாகத் தொங்கி முழுதாகக் கீழே விழுந்துவிடும். எங்கே இந்தச் சின்னக் கூம்புக் கிளைகள் குவிந்து கிடக்கின்றன என்று பார்த்துக்கொண்டே போனோம். இன்னொரு அடையாளமும் தென்பட்டது. ஸ்ப்ரூஸ் நின்ற இடம் வெறும் தரை. லார்ச்சுக்கு அடியில் குளிர்காலத்திலும் இளவேனிலிலும் வெயில் இறங்குவதால் புல் வளரும். அந்தப் பழுப்பு நிலத்தில் பாய் விரித்ததுபோல் ஒரு நீளப் புல்திட்டு, அதற்குள் நான்கு கட்டைகள், ஒரே வரிசையில்.

நான்கு விரலையும் நீட்டிக்கொண்டு அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை.

வரிசையை எந்தப் பக்கமிருந்து எண்ணுவது? பாதையிலிருந்து வருபவர் எண்ணுவதுதான் இயல்பு. அந்தக் கணக்கில் மூன்றாவது கட்டைமேல் பாப்பா ஏறி நின்றாள். வெட்டிய கிளைகளுக்குள் நேராக நடக்கவே முடியாது. ஒவ்வொரு அடியும் இடறும், திசை தவறும். அதனால் அவள் கட்டைமேல் நின்று திசைகாட்டியில் என்னைக் குறிபார்த்தாள். நான் எண்ணிக்கொண்டே போனேன்.

“சித்தி, வலது பக்கம் வாங்க! இன்னும்! போதும் போதும், நேரா!”

முப்பத்தெட்டில் வெட்டிய நிலம் முடிந்து, நிற்கும் காட்டின் ஓரம் வந்தது. நாற்பத்தொன்றில் இடிந்த கற்சுவர் ஒன்று மங்கலாகத் தெரிந்தது. நாற்பத்து நான்கில் நின்றேன். கண் முன்னே ஒன்றும் இல்லை. இடப்பக்கம், கை நீட்டினால் தொடும் தூரத்தில் இடுப்புயரப் பாறை. அதன் முகத்திலிருந்து பாசி ஒரு சாண் நீளத்துக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. நரைத்த பச்சைத் தாடி.

பாப்பா வரும்வரை தொடவில்லை. அது அவள் எடுக்க வேண்டியது.

பாறையின் தெற்கு அடியில் ஒரு தட்டைக் கல், மேலே ஊசியிலைச் சருகு. கல்லை நகர்த்தியதும் குழிவுக்குள் இரண்டு பிளாஸ்டிக் பைகளில் சுற்றிய திருகுமூடி டப்பா. மூடி இறுகியிருந்தது, நான்தான் திறக்க வேண்டியிருந்தது. உள்ளே எல்லாம் காய்ந்தே இருந்தது. இருபது வருட மழையில்!

ஸ்டாம்ப்பை அவள் நோட்டில் பதித்தாள். நான்கு லார்ச் மரங்கள், வரிசையாக. மூன்றாவதன் உச்சியில் ஒரு குருவி.

கொஞ்ச நேரம் நாங்கள் இருவரும் அந்தக் கட்டைகளைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

குறிப்பேட்டில் 31 பதிவுகள். முதல் பக்கம் பெரியவருடையது. கடைசிப் பதிவு மூன்று வருடங்களுக்கு முந்தையது. ஒரு பக்கத்தில் மழைத்துளி பட்டுக் கலைந்த மை, இன்னொரு பக்கத்தில் ஒரு நாயின் கால்தடம், அதன் உடைமையாளர் அழகாகச் செதுக்கியது. 32-ஆவதாக ‘ழ’ பதிந்தது. தேதி போட்டோம். பெட்டியில் இருந்த மைத்தட்டு காய்ந்துவிட்டது, எங்களுடையதைத்தான் பயன்படுத்தினோம். பைகளைப் பழையபடி சுற்றி, கல்லை மூடி, சருகைத் தூவி, நான்கடி தள்ளி நின்று பார்த்தோம். யாரும் தொட்டதாகத் தெரியவில்லை.

ஆனால் வேலை முடியவில்லை. நால்வரும் இல்லாமல் அடுத்தவர் எப்படி வருவார்? புதுக் குறிப்பு எழுத வேண்டும். மரங்கள் போனதால் இப்போது அங்கிருந்து பெல்லவர் டோர், அதாவது 443 மீட்டர் உயரக் கருங்கல் முகடு, நன்றாகத் தெரிகிறது. அதைக் குறிபார்த்து எழுதலாம் என்றேன். பாப்பா ஒத்துக்கொள்ளவில்லை. கட்டைகளுக்கு நடுவே முழங்கால் உயரத்தில் கன்றுகள் நின்றிருந்ததை அவள் கவனித்திருந்தாள். “இதெல்லாம் வளந்தா மறைச்சிடுமே சித்தி.” சுவரின் மூலையையும் அதைத் தாண்டி ஓடும் ஓடையையும் வைத்து எழுதினாள். சுவரும் ஓடையும் எங்கேயும் போகாது. இரவு போனில் பெரியவருக்கு அதைப் படித்துக் காட்டினாள். குருவி இன்னும் தெளிவாகப் பதிகிறதா என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றாள்.

வெள்ளி, இரவு

கிரான்மியர் குளத்தைப் பார்க்காமல் போக மனம் வரவில்லை. அக்கா காரோடு வந்து சேர்ந்தாள். “ரெண்டு பேரும் முகத்தைக் கழுவுங்கடி முதல்ல” என்றாள். ஓக்ஹாம்ப்டனுக்கு மேலே ராணுவ முகாம் பக்கமிருந்து நடந்தோம். போக வரப் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல். அந்தப் பக்கம் ராணுவம் சுட்டுப் பயிற்சி எடுக்கும் நிலம். சுடும் நாள்களை முன்கூட்டியே வெளியிடுவார்கள், அன்று குன்றுகளில் சிவப்புக் கொடி பறக்கும். அட்டவணையை இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் கிளம்பினோம். போக நினைப்பவர்கள் தயவுசெய்து இதைச் செய்யாமல் போகாதீர்கள்.

கடைசி ஒன்றரை கிலோமீட்டர் கரிமண் மேடுகளும் பள்ளங்களும்தான். ஏறி இறங்கி ஏறி இறங்கிக் கால் சோர்ந்தபோது, ஒரு வெறும் பள்ளம் வந்தது. குளம் என்று பெயர்தான், நீர் இல்லை. அதற்கும் ஒரு கதை சொல்கிறார்கள். ஓக்ஹாம்ப்டன் மேயராக இருந்த பெஞ்சமின் கேயரின் ஆவியை, ஒரு சல்லடையால் இந்தக் குளத்தை இறைக்கும்படி சபித்தார்களாம். அவர் ஓர் ஆட்டுத்தோலைச் சல்லடையில் விரித்து இறைத்து முடித்துவிட்டாராம்.

பள்ளத்தில் 1937-இல் கட்டிய கல் பெட்டி. பெரட் பாட்டில் வைத்த அதே இடத்தின் வாரிசு. குறிப்பேட்டில் ‘ழ’ பதித்தோம். பாப்பா தயாராக ஒரு கார்டு கொண்டுவந்திருந்தாள், பெரியவர் முகவரிக்கு. தபால்தலை ஒட்டியது. ஒரு வரிதான், அதன் கீழே நான்கு மரமும் குருவியும் கையால் வரைந்தது. “நாம பக்கத்து வீடுதானே, நேரா குடுத்திடலாமே” என்றாள் அக்கா. பாப்பா தலையை ஆட்டிவிட்டுக் கார்டைப் பெட்டிக்குள் வைத்தாள்.

உள்ளே ஏற்கெனவே ஒரு கார்டு இருந்தது. குழந்தைக் கையெழுத்து, ஸ்காட்லாந்து முகவரி, ஆறு நாள் முந்தைய தேதி. அதை எடுத்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைக்குள் வைத்துக்கொண்டாள். வரும் வழியெல்லாம் ஒரு கை மார்பிலேயே இருந்தது. சேற்றில் வழுக்கியபோதும் அந்தக் கையை எடுக்கவில்லை.

திரும்பும் வழியில் ஒரு கிராமத்தில், சுவரில் பதித்த சிவப்புத் தபால்பெட்டி. அக்கா காரை நிறுத்தினாள். இருட்டிவிட்டது. பாப்பா இறங்கிப் போய்க் கார்டைப் போட்டாள். உடனே வரவில்லை. டார்ச் அடித்துப் பெட்டியில் இருந்த தகட்டைப் படித்துக்கொண்டிருந்தாள்.

“நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு எடுப்பாங்களாம் சித்தி.”